பழைய டி3 கேம்பர் வேனின் டீசல் இன்ஜினில் ஹெட் கேஸ்கட் மாற்றும் முறை

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1979இல் வெளியிட்ட டி3 வேன், வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கைவண்ணத்தில் ஜோக்கர், கலிபோர்னியா என்ற பெயர்களில் கேம்பராகி, இன்றும் ஐரோப்பியச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வேன்களுள் பெட்ரோல் இன்ஜின் உள்ளவற்றின் ஹெட் வேலை முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. இங்கே நான் எழுதுவது 1588 சி.சி. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பற்றி மட்டுமே. டர்போ இல்லாத சிஎஸ் வகை 50 குதிரைத்திறனும், டர்போ உள்ள ஜேஎக்ஸ் வகை 70 குதிரைத்திறனும் தரும். கோல்ஃப் காருக்காக உருவான இந்தச் சிறிய இன்ஜின், கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குடும்பம் என்று ஏறத்தாழ இரண்டு டன் எடையைச் சுமந்து ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் ஏறுகிறது. சிலிண்டர்கள் உள்ள வார்ப்பிரும்பு பிளாக்கும், அவற்றை மேலே மூடும் அலுமினிய ஹெட்டும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதால், அவற்றுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கட்தான் அந்த இழுபறி முழுவதையும் தாங்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஹெட் பேக்கிங் என்று சொல்லப்படும் இந்தக் கேஸ்கட்டை மாற்றுவது பொறுமையுள்ளவர் எவருக்கும் கைகூடும் வேலையே. ஆனால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். எந்தத் தடிமன் கொண்ட கேஸ்கட் வேண்டும், ஹெட் நேராக இருக்கிறதா, முதலில் அது ஏன் போயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கும் அளந்து பார்த்து விடை கண்ட பிறகே புதிய கேஸ்கட்டின் உறையைப் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளக்காமல் செய்த வேலை, பெரும்பாலும் அடுத்த நீண்ட ஏற்றத்திலேயே தன் குறையைக் காட்டிவிடும்.

கேஸ்கட்தான் போயிருக்கிறதா?

கூலண்ட் குறைகிறது என்பதற்காக உடனே ஹெட்டைக் கழற்றிவிடக் கூடாது. இந்த வேனில் இன்ஜின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால், கூலண்ட் வண்டியின் அடிப்பகுதி முழுவதும் ஓடும் நீண்ட குழாய்கள் வழியே சென்று திரும்புகிறது. அந்தக் குழாய்களின் இணைப்புகளிலோ, ஹீட்டரிலோ, தண்ணீர் பம்ப்பிலோ கசிவு இருந்தாலும் அறிகுறி ஒன்றுபோலவே தெரியும். கேஸ்கட்டுக்கே உரிய அடையாளங்கள் வேறு. இரவு முழுவதும் ஆறிய இன்ஜினைக் காலையில் ஓட்டத் தொடங்கிய ஓரிரு நிமிடங்களுக்குள், கூலண்ட் சூடாவதற்கு முன்பே குழாய்கள் கல்போல் இறுகுமானால், சிலிண்டரில் எரிந்த வாயுவின் அழுத்தம் கூலண்டுக்குள் புகுகிறது என்று பொருள். விரிவுத் தொட்டியில் இடைவிடாமல் குமிழி எழுவதும், வெளிப்புகை வெண்மையாகவும் இனிப்பு வாடையுடனும் நீடிப்பதும் அதே சந்தேகத்தை வலுப்படுத்தும்.

சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டு சோதனைகள் உண்டு. விரிவுத் தொட்டியின் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிற வேதிநீர், எரிந்த வாயு பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். அடுத்தது, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. புதிய இன்ஜினில் ஏறத்தாழ 34 பார் இருக்கும். 26 பாருக்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கு இடையே 5 பாருக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ ஹெட்டைத் திறக்கப் போதிய காரணம் இருக்கிறது. அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்கள் மட்டும் ஒருசேரக் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

தேவையான பொருள்கள்

வழக்கமான ஸ்பேனர், சாக்கெட்டுகளுடன் சில சிறப்புக் கருவிகள் வேண்டும். ஹெட் போல்ட்டுகளின் தலையில் பன்னிரண்டு பற்கள் கொண்ட குழி இருக்கும். அதற்குரிய நல்ல தரமான எம்12 பிட் இல்லாமல் தொடங்கக் கூடாது, ஏனெனில் மலிவான பிட் பற்களை உரித்துவிட்டால் அந்த ஒரு போல்ட் ஒரு நாளையே விழுங்கிவிடும். டார்க் ரெஞ்ச், கோணம் காட்டும் அளவி, ஃபீலர் கேஜ், நேர்விளிம்புப் பட்டை, டயல் கேஜ், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைப் பூட்டும் தகடு, இன்ஜெக்ஷன் பம்ப்பைப் பூட்டும் ஊசி, இன்ஜெக்டருக்கான 27 மில்லிமீட்டர் நீள சாக்கெட் ஆகியவை மற்றவை. ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகையைச் சேர்ந்தவை என்பதால் பத்தும் புதிதாகவே இருக்க வேண்டும். இன்ஜெக்டருக்கு அடியில் வரும் வெப்பத்தடுப்பு வாஷர்கள், டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், தெர்மோஸ்டாட், கூலண்ட், ஆயில், ஆயில் ஃபில்டர் ஆகியவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். கேஸ்கட்டை மட்டும் அளந்த பிறகு வாங்குவது நல்லது.

கழற்றுதல்

இன்ஜின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் அது வளைந்துவிடும் என்பதால், முதல் நாள் மாலையே வண்டியை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் தொடங்குவது என் வழக்கம். அந்த மாலையிலேயே எக்ஸாஸ்ட் நட்டுகள் எல்லாவற்றிலும் துருநீக்கி எண்ணெயை அடித்து ஊறவிட்டால், காலையில் ஸ்டட் உடையும் துன்பம் பெருமளவு குறையும்.

பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, பின்பக்கக் கட்டிலின் மெத்தையைச் சுருட்டி, இன்ஜின் மூடியைத் திறக்க வேண்டும். இன்ஜின் 50 டிகிரி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். கியர்பாக்ஸ் முன்னோக்கி இருப்பதால், டைமிங் பெல்ட் உள்ள முனை வண்டியின் பின்புறத்தைப் பார்த்திருக்கும், ஒன்றாம் சிலிண்டரும் அந்த முனையில்தான் இருக்கிறது. வேறு வண்டிகளில் பழகியவர்கள் இதை மறந்து சிலிண்டர்களைத் தலைகீழாக எண்ணிவிடுவதுண்டு.

கூலண்டை வடித்த பின், ஹெட்டுக்குச் செல்லும் ஹோஸ்கள், ஒயர்கள், குளோ பிளக் இணைப்பு, டீசல் திரும்பும் சிறு குழாய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, அடையாளம் இட்டுக் கழற்ற வேண்டும். இன்ஜெக்டருக்குச் செல்லும் நான்கு இரும்புக் குழாய்களையும் வளைக்காமல் ஒரே கட்டாக எடுக்க வேண்டும். பம்ப்பின் பக்கத்து நட்டுகளைத் திருப்பும்போது, அடியில் உள்ள வால்வு உடல் சேர்ந்து திரும்பாதபடி இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது அவசியம். திறந்த முனைகள் எல்லாவற்றுக்கும் உடனே மூடி போட வேண்டும். இன்ஜெக்ஷன் பம்ப்புக்குள் நுழையும் ஒரு மணல் துகள், ஹெட் கேஸ்கட்டைவிடப் பெரிய செலவை வைத்துவிடும்.

அடுத்து டைமிங், அதாவது கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் பம்ப்பும் ஒன்றோடொன்று ஒத்துச் சுழலும் நிலை. கிராங்க் ஷாஃப்டை வலஞ்சுழியாக மட்டுமே சுற்றி, ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டனை அதன் உச்ச நிலையான டாப் சென்டருக்குக் கொண்டுவந்து, ஃபிளைவீலில் உள்ள குறி கியர்பாக்ஸ் கூட்டின் துளையில் நேராகத் தெரிவதைப் பார்க்க வேண்டும். வால்வு கவரை எடுத்தால் கேம் ஷாஃப்டின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் ஒரு வெட்டுப் பள்ளம் தெரியும். பூட்டுத் தகட்டை அதில் செருகி, இருபுறமும் ஒரே தடிமனுள்ள ஃபீலர் இலைகளை வைத்து நடுநிலைப்படுத்த வேண்டும். பம்ப்பின் சக்கரத்துக்கும் ஊசி போட்ட பின் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுக்கலாம். கேம் ஷாஃப்டின் சக்கரம் சரிவான முனையில் உராய்வால் மட்டுமே நிற்கிறது. அதன் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, பின் கவரில் உள்ள துளை வழியே ஒரு தண்டை வைத்து மெல்லத் தட்டினால் விட்டுவிடும். போல்ட்டைத் தளர்த்தும்போது சக்கரத்தைத் தனியே பிடித்துக்கொள்ள வேண்டும், பூட்டுத் தகட்டின் மீது அந்த விசையை ஏற்றக் கூடாது.

எக்ஸாஸ்ட் குழாயையும், டர்போ இருந்தால் அதன் ஆயில் குழாய்களையும் விடுவித்த பின், பத்து போல்ட்டுகளையும் வெளி முனைகளிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால், ஸ்குரூடிரைவரை இடையில் நுழைத்து நெம்புவது பெரும் தவறு. மரக்கட்டையை வைத்துத் தட்டி அசைத்தால் விட்டுவிடும். சாய்ந்து கிடக்கும் இன்ஜினிலிருந்து குனிந்தபடி தூக்க வேண்டியிருப்பதால் இதற்கு இரண்டு பேர் வேண்டும். கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருப்பதால் திறந்த நிலையில் உள்ள வால்வுகள் ஹெட்டின் பரப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால், ஹெட்டை முகம் கீழாக வைக்காமல் பக்கவாட்டில் மரக்கட்டைகள் மீது கிடத்த வேண்டும்.

பழைய கேஸ்கட்டைப் படிப்பது

பழைய கேஸ்கட்டை உடனே எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையம் எந்த இடத்தில் கருத்து அரித்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே ஹெட்டிலும் நேர் கீழே பிளாக்கிலும் கூர்ந்து நோக்க வேண்டும். எரிந்த தடம் தண்ணீர்த் துளையை நோக்கிப் போனால் கூலண்ட் அழுத்தத்துக்கு அதுவே காரணம். அடுத்த சிலிண்டரை நோக்கிப் போனால் கம்ப்ரஷன் சோதனையின் எண்களோடு அது ஒத்துப்போக வேண்டும்.

கேஸ்கட்டின் விளிம்பில் பாக எண்ணுக்கு அருகே சிறு பிறை வடிவ வெட்டுகள் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்ற அந்த எண்ணிக்கைதான் தடிமனைக் குறிக்கிறது. என் ஜேஎக்ஸ் இன்ஜினிலிருந்து எடுத்த கேஸ்கட்டில் விரலால் தடவியபோது மூன்று வெட்டுகள் தட்டுப்பட்டன. அதே இன்ஜினில் நான்கு பிஸ்டன்களையும் அளந்தபோது மிகவும் உயர்ந்து நின்றது 0.74 மில்லிமீட்டர்தான், அதற்கு ஒரு வெட்டு உள்ள மெல்லிய கேஸ்கட்டே போதும். முன்பு அந்த வேலையைச் செய்த பட்டறை அளக்காமல், தடிமனாக இருந்தால் ஆபத்தில்லை என்று எண்ணிப் போட்டிருக்க வேண்டும். குளிர்காலக் காலைகளில் அந்த இன்ஜின் நீண்ட நேரம் சுற்றி, வெண்புகை கக்கி, அரைமனதாக எழுந்ததற்குக் குறைந்துபோன அழுத்தமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். மெல்லியதைத் தவறாகப் போட்டிருந்தால் பிஸ்டன் ஹெட்டையோ வால்வையோ முட்டியிருக்கும், அந்தத் தவறு இன்னும் கொடியது.

அளத்தல்

பிளாக்கின் மேற்பரப்பை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். ஆயில், தண்ணீர்த் துளைகளைத் துணியால் அடைத்து, ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைக் கரைப்பான் தடவி ஊறவைத்து, மரம் அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம். மின்துரப்பணத்தில் மாட்டும் உரசும் வட்டுகளை நான் அனுமதிப்பதே இல்லை. அவை அலுமினியத்தில் பள்ளம் பறிப்பது ஒருபுறம் இருக்க, அவற்றிலிருந்து உதிரும் நுண்தூள் ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தேய்த்துவிடும்.

பிறகு டயல் கேஜை பிளாக்கின் பரப்பில் சுழியாக்கி, ஒவ்வொரு பிஸ்டனையும் டாப் சென்டருக்குக் கொண்டுவந்து, அது பிளாக்கைத் தாண்டி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று அளக்க வேண்டும். பிஸ்டன் துளைக்குள் சற்றே ஆடும் என்பதால், பிஸ்டன் பின் செல்லும் கோட்டின் மீது இரண்டு இடங்களில் அளப்பது சரியான அளவைத் தரும். நான்கில் எது அதிகமோ அதுவே கேஸ்கட்டைத் தீர்மானிக்கிறது, சராசரி அல்ல. 0.91 முதல் 1.02 மில்லிமீட்டர் வரை இருந்தால் மூன்று வெட்டுகள் உள்ளது. அதற்குக் கீழே ஒன்றா இரண்டா என்ற எல்லை, இன்ஜின் தயாரான ஆண்டைப் பொறுத்துச் சற்று மாறுவதால், உங்கள் இன்ஜின் எண்ணுக்குரிய அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஹெட்டின் மீது நேர்விளிம்புப் பட்டையை நீளவாக்கிலும், குறுக்கிலும், மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் இலை நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் ஃபேசிங் போடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். இந்த டீசல் ஹெட்டுக்கு அது பொருந்தாது. ஹெட்டைச் சீவினால் வால்வுகளுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள சிறிய இடைவெளி மேலும் குறைவதோடு, டீசல் எரியத் தொடங்கும் சுழல் அறைகளின் உலோக உறைகளும் பரப்பைத் தாண்டி எழுந்துவிடும். இந்த ஹெட்டைச் சீவக் கூடாது என்றே தயாரிப்பாளரின் பணிமனைக் கையேடும் கூறுகிறது. வளைந்த ஹெட்டுக்கு மாற்று ஹெட்தான் வழி.

இரண்டு வால்வுகளுக்கு இடையே மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஹெட்டுகளில் அது மிகச் சாதாரணம், அகலம் 0.5 மில்லிமீட்டருக்கு மிகாதவரை அந்த ஹெட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆயினும் வண்டி கடுமையாகச் சூடேறியிருந்தால், ஹெட்டை ஒரு பணிமனையில் கொடுத்து அழுத்தச் சோதனை செய்துகொள்வது அந்தச் செலவுக்குத் தகும்.

பொருத்துதல்

போல்ட் துளைகளில் ஆயிலோ கூலண்டோ ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. துளை அடியில் மூடியிருப்பதால், உள்ளே தேங்கிய திரவத்தின் மீது போல்ட்டை இறக்கினால் அது தப்ப வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும், குறைந்தபட்சம் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். கம்பியில் துணி சுற்றித் துடைத்து, பிறகு கண்ணாடி அணிந்துகொண்டு காற்றால் ஊத வேண்டும். மரைகளைச் சுத்தம் செய்ய, பழைய போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் இரம்பத்தால் ஒரு கீறல் போட்டுக் கையால் ஓட்டினால் அழுக்கு அந்தக் கீறலில் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இன்னும் இரண்டு பழைய போல்ட்டுகளின் தலையை அறுத்து, நுனியில் ஸ்குரூடிரைவருக்கு ஒரு வெட்டுப் போட்டு, வெளி முனைத் துளைகள் இரண்டில் நிறுத்தினால் வழிகாட்டித் தண்டுகள் தயார். சாய்ந்த பிளாக்கில் கேஸ்கட் வழுக்காமல் நிற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. கேஸ்கட்டின் ஒரு முகத்தில் ‘ஓபென்’ என்ற ஜெர்மன் சொல் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மேல் என்று பொருள், அந்த எழுத்து ஹெட்டைப் பார்த்திருக்க வேண்டும். கேஸ்கட்டின் மீது எந்தப் பசையும் பூசக் கூடாது, முகங்கள் உலர்ந்தும் எண்ணெய்ப் பசையின்றியும் இருந்தால் போதும்.

ஹெட்டை வைக்கும் முன் கிராங்க் ஷாஃப்டை டாப் சென்டரிலிருந்து கால் சுற்று பின்னோக்கிச் சுற்றி, நான்கு பிஸ்டன்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கீழிறங்கி நிற்கும்படி செய்ய வேண்டும். இதை மறந்தால் திறந்திருக்கும் வால்வு பிஸ்டன் மீது உட்கார்ந்து வளைந்துவிடும். எட்டு புதிய போல்ட்டுகளைக் கையால் இறக்கிய பின் வழிகாட்டித் தண்டுகளை எடுத்துவிட்டு, மீதி இரண்டையும் போட வேண்டும்.

நடுவிலிருந்து வெளிநோக்கி, குறுக்கும் மறுக்குமாக, முதல் சுற்றில் 40 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 60 நியூட்டன் மீட்டர், பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் 180 டிகிரி. அந்த அரைச் சுற்றை நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் முடிப்பது சிறந்தது. இடமில்லாவிட்டால் 90 டிகிரியாக இருமுறை செய்யலாம். போல்ட்டின் தலையில் வெள்ளைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் எது முடிந்தது, எது மிச்சம் என்ற குழப்பமே வராது. கேஸ்கட்டோடு வரும் தாளில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இப்போது கிராங்க் ஷாஃப்டை மீண்டும் டாப் சென்டருக்குக் கொண்டுவந்து, புதிய பெல்ட்டை மாட்டி, இறுக்கத்தை அளவியால் சரிபார்த்து, கேம் சக்கரத்தின் போல்ட்டை 45 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கலாம். பூட்டுத் தகட்டையும் ஊசியையும் எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் முட்டினால் விசை கொடுக்காமல் நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து டைமிங்கைப் பார்க்க வேண்டும். பெல்ட் மாறியதால் பம்ப்பின் டைமிங்கையும் டயல் கேஜால் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். இன்ஜெக்டர்களுக்கு 70, டீசல் குழாய் நட்டுகளுக்கு 25 நியூட்டன் மீட்டர். 1985ஐ ஒட்டி வந்த, வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினில் கேம் ஷாஃப்டைக் கழற்றி மாட்டியிருந்தால், அரைமணி நேரம் காத்திருந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கூலண்டும் காற்றும்

இந்த வேனில் புதிய கேஸ்கட் விரைவிலேயே போவதற்கு முதன்மையான காரணம், குழாய்களில் சிக்கிக்கொள்ளும் காற்று என்றே சொல்வேன். பதினாறு லிட்டருக்கும் மேல் பிடிக்கும் நீண்ட அமைப்பு இது. வண்டியின் முன்பக்கத்தை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயர்த்தி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்துவைக்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் கூலண்டைக் காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கலந்து விரிவுத் தொட்டியில் ஊற்ற வேண்டும். பின்னால் ஒருவர் ஊற்ற, முன்னால் ஒருவர் அமர்ந்து திருகைப் பார்ப்பது எளிது. முதலில் காற்று சீறும், பிறகு நுரையும் நீருமாகத் துப்பும், கடைசியில் குமிழியற்ற ஒரே தாரையாக வழியும். அந்தத் தாரை வரும்வரை, இன்ஜினைச் சற்று உயர்ந்த வேகத்தில் ஓட்டியபடி, பொறுத்திருக்க வேண்டும்.

டீசல் அமைப்பிலும் காற்று இருக்கும். இன்ஜெக்டர் முனையில் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, ஸ்டார்ட்டரால் சுற்றி, டீசல் கசிந்ததும் இறுக்கினால் இன்ஜின் எழும். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகக்கூடியது, அதன் முன் கையை நீட்டவே கூடாது.

ஆயில் 50 டிகிரி சூட்டை எட்டியதும் இன்ஜினை நிறுத்தி, வால்வு கவரை எடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தாமல் அதே வரிசையில் இன்னும் 90 டிகிரி திருப்ப வேண்டும். சுமார் 1000 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை 90 டிகிரி. பழைய கேஸ்கட் வழியே ஆயிலில் கூலண்ட் கலந்திருந்தால், முதல் ஆயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. அதுவரை ஒவ்வொரு காலையும் ஆறிய இன்ஜினில் விரிவுத் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சில நாள்களில் மட்டம் சற்று இறங்குவது மிச்சக் காற்று வெளியேறுவதால்தான். ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், விரிவுத் தொட்டியின் அழுத்த மூடி, தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் விசிறியின் சுவிட்ச் ஆகியவற்றை வரிசையாகச் சோதித்து முடிக்கும்வரை அந்த வண்டியை மலைப்பாதைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.